கடன் ஆலோசகரிடம் போகலாமா? முதலில் ஒரு தாளை எடுங்கள்

கடன் ஆலோசகர் யாருடைய கடனையும் அடைக்க மாட்டார். வட்டியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. செக்கானூரணியிலிருந்து பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் "எவ்வளவு தள்ளுபடி ஆகும் மேடம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எனக்கு ஒருநாளும் எளிதாக இருந்ததில்லை.

நான் அரசுடைமை வங்கி ஒன்றில் வேலை பார்த்தவள். உசிலம்பட்டி, மேலூர், மதுரை டவுன் என்று கிளை கிளையாக மாறி ஓய்வுபெற்ற பிறகு, நிதிசார் கல்வி மையம் ஒன்றில் ஆலோசகராக உட்கார்ந்தேன். ரிசர்வ் வங்கி 2009-ல் மாதிரித் திட்டம் ஒன்றைக் கொடுத்து வங்கிகளைத் திறக்கச் சொன்ன மையங்கள் இவை. கட்டணம் கிடையாது. ஆலோசகர் உங்கள் வரவையும் கடனையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். எதை முதலில் அடைப்பது, எந்த வங்கியிடம் என்ன கேட்பது, மனுவை எப்படி எழுதுவது என்று சொல்வார். அவ்வளவுதான். சில வீடுகளுக்கு அந்த அவ்வளவே போதும். சில வீடுகளுக்கு அது பஸ் செலவுதான் மிச்சம். உங்கள் வீடு எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு முழுத்தாள் காகிதமும் ஒரு ராத்திரியும் வேண்டும். கணவன் மனைவி இருவரும் உட்கார வேண்டும். ஒருவர் மட்டும் எழுதிய தாளில் எப்போதும் ஒரு கடன் குறையும்.

தாளில் என்ன எழுத வேண்டும்

வங்கிக் கடனை எல்லோரும் எழுதிவிடுவார்கள். கிரெடிட் கார்டையும் எழுதுவார்கள், சற்றுக் குறைத்து. விட்டுப்போகிறவைதான் வீட்டைச் சாய்க்கிறவை.

வாரக் குழுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 600, இன்னொரு குழுவில் வாரம் 750, ஆக 1,350. இதை நான்கால் பெருக்கி மாதம் 5,400 என்று எழுதுகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம். பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் மாதம் 5,850 வருகிறது. அந்த 450 ரூபாய் எங்கே போகிறது என்று தெரியாமல் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவார்கள். அந்தக் கைமாற்றும் தாளில் இருக்காது.

தண்டல் அடுத்தது. பத்தாயிரம் என்று பேர். கையில் கொடுப்பது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி, பதினைந்து சதவீதம்" என்று நினைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. சரியாகக் கணக்கிட்டால் அது மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டிக்குச் சமம். பத்து வட்டிக்கு வாங்கினேன் என்று வெளியில் சொல்லக் கூசுகிறவர்கள் தண்டலைக் கூசாமல் வாங்குகிறார்கள். வசூலுக்கு வருகிறவர் சைக்கிளில் வந்து சிரித்துப் பேசுகிறார், அதனால் இருக்கலாம்.

வட்டிக்கடையில் இருக்கும் நகை, பாதியில் இருக்கும் சீட்டு, பூ மார்க்கெட் கமிஷன் கடையில் வாங்கிய முன்பணம், மளிகைக் கடைப் பாக்கி, மச்சினனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள்: இன்னும் எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள், வட்டி ஆண்டுக்கு எத்தனை சதவீதம், எப்போது முடியும். இரண்டு பைசா வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்று எழுதுங்கள். பைசாவில் எழுதினால் சின்னதாகவே தெரியும்.

அடுத்தது செய்முறை, அதாவது விசேஷ வீடுகளுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய். மதுரைக்கு மேற்கே இதை எழுதாத தாள் செல்லாத தாள். காதணி விழா, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று ஐந்து வருடங்களுக்கு முன் உங்கள் வீட்டு விசேஷத்தில் ஐந்நூறு எழுதியவர், இப்போது அவர் வீட்டுக்குப் பத்திரிகை வைத்திருக்கிறார். ஆயிரமாவது செய்தாக வேண்டும். மொய் நோட்டு பீரோவில் இருக்கிறது. இப்போதெல்லாம் மண்டபத்திலேயே கம்ப்யூட்டர் ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள், மறந்துபோனது என்று சொல்லவும் வழியில்லை. உசிலம்பட்டிக் கிளையில் இருந்த காலத்தில், நகைக் கடனுக்கு வந்தவர்களிடம் என்ன செலவுக்கு என்று கேட்டால் பாதி நாள் "விவசாயச் செலவு" என்பார்கள். ஆவணி மாதம் வந்தால் அந்த விவசாயம் எந்த மண்டபத்தில் நடக்கிறது என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

செய்முறையைக் கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டியில்லாமல் கைகொடுக்கும் ஏற்பாடு அது. எத்தனையோ வீடுகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அது கடன். நோட்டைப் பார்த்து, வரும் ஓர் ஆண்டில் யார் யார் வீட்டில் விசேஷம் வரக்கூடும் என்று யோசித்து, கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் இவ்வளவு என்று தாளில் போடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இராது, ஆவணியிலும் தையிலும் மொத்தமாக வரும். "ஒரு விழா வைத்துவிட்டால் வருகிற மொய்யில் எல்லாக் கடனையும் அடைத்துவிடலாம்" என்று சொல்லும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். மண்டபம், கறிச் சாப்பாடு, பத்திரிகை, பிளெக்ஸ் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு, அது எத்தனை பேருக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பதை அவரிடமே ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மிச்சம் என்ற ஒரே எண்

தாளின் பின்பக்கத்தில் வரவு செலவு. வரவை எழுதும்போது நல்ல மாதத்தை எழுதாதீர்கள். மல்லிகை போட்டிருப்பவர் தை மாத விலையை வைத்து வருமானம் சொன்னால் கணக்கு பொய்த்துவிடும். பூ வரத்து அதிகமாகி விலை விழுந்த மாதத்தை எழுதுங்கள். அப்பளம் போடுகிறவர்கள் மழை மாதத்தை எழுதுங்கள். ஆட்டோ ஓட்டுகிறவர் டீசல், ரிப்பேர் போக வீட்டுக்குக் கொண்டுவருவதை எழுத வேண்டும்.

செலவில் வாடகை, அரிசி, மளிகை, பள்ளிக்கூடம், மருந்து, கரண்ட், கேஸ், போன். வரவிலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பது மிச்சம். முன்பக்கத்தில் எல்லாக் கடனுக்கும் மாதம் கட்ட வேண்டியதைக் கூட்டினால் கிடைப்பது தவணை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை இவை சொல்லிவிடும்.

மிச்சம் தவணையைவிட அதிகமாக இருந்தால் உங்களுக்கு ஆலோசகர் தேவையில்லை. பணம் இருக்கிறது, வரிசைதான் சரியில்லை. எந்தக் கடனுக்கு வட்டிச் சதவீதம் அதிகமோ அதற்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டுங்கள், மற்றவற்றுக்குத் தவணை மட்டும். தண்டலும் கார்டும் முதலில் ஒழிய வேண்டும். வீட்டுக் கடன் கடைசி. கார்டைப் பற்றி ஒரு வார்த்தை: 50,000 ரூபாய் பாக்கி, மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வையுங்கள். வட்டி 1,750, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. குறைந்தபட்சத் தொகை என்று 2,500 கட்டுகிறீர்கள். அசலில் குறைவது 435 ரூபாய். இதைத் தெரிந்துகொள்ள மையத்துக்கு வர வேண்டியதில்லை, ஸ்டேட்மெண்டின் இரண்டாம் பக்கத்தைப் படித்தால் போதும்.

மிச்சம் இருக்கிறது, ஆனால் தவணைக்குப் போதவில்லை. தவணையில் ஏறக்குறைய பாதிக்காவது வரும் என்றால், நீங்கள்தான் ஆலோசகரிடம் போக வேண்டியவர். இந்தப் பாதி என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பல வீட்டுத் தாள்களைப் பார்த்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

மிச்சமே இல்லை, அல்லது வரவு நின்றுபோய்விட்டது, வேலை போய்விட்டது, சம்பாதித்தவர் படுத்துவிட்டார் என்றால் ஆலோசனையால் ஆகக்கூடியது குறைவு. எப்படிப் பிரித்தாலும் இல்லாத பணத்தைப் பிரிக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது வேறு கதவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடுவில் இருக்கும் வீட்டுக்கு என்ன நடக்கும்

பல குடும்பங்களின் கணக்கைக் கலந்து ஒரு வீட்டைச் செய்துகொள்கிறேன். ஜெய்ஹிந்த்புரம். கணவர் ஷேர் ஆட்டோ, மனைவி அப்பளம். மாதம் 32,000 வருகிறது, வீட்டுச் செலவு 21,000, மிச்சம் 11,000. தவணைகள்: ஆட்டோ கடன் 5,800, இரண்டு வாரக் குழு 5,850, கார்டு 2,500, தண்டல் 3,000, வட்டிக்கடையில் 60,000 ரூபாய்க்கு வைத்த நகைக்கு இரண்டு பைசா வட்டி 1,200, சீட்டு 2,000, செய்முறை 1,500. கூட்டினால் 21,850. மிச்சம் அதில் பாதி. மாதாமாதம் பள்ளம் பத்தாயிரத்துக்கு மேல், அந்தப் பள்ளத்தைத்தான் அடுத்த தண்டல் நிரப்புகிறது.

ஆலோசகர் முதலில் கேட்பது நகையைப் பற்றியாக இருக்கும். பழைய விலைக்கு அடகுக்குப் போன நகை அது. இப்போதைய தங்க விலைக்கு அதே நகைக்கு வங்கியில் 1,20,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அறுபதாயிரம் வட்டிக்கடைக்குப் போய் நகை திரும்புகிறது, அன்றைக்கே வங்கியில் வைக்கப்படுகிறது. கார்டின் ஐம்பதாயிரம் அடைகிறது, தண்டலில் பாக்கியிருந்த சில ஆயிரங்களும் அடைகின்றன. வங்கி வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால் மாதம் ஆயிரம். கார்டு, தண்டல், வட்டிக்கடை மூன்றுக்குமாகக் கட்டிக்கொண்டிருந்த 6,700 ரூபாய் இருந்த இடத்தில் இப்போது ஆயிரம்தான். தவணை 16,150-க்கு இறங்கிவிட்டது. கார்டை அன்றைக்கே வெட்டிப் போட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

இன்னும் ஐயாயிரம் இடிக்கிறது. வாரம் 750 கட்டும் குழுக் கடன் நான்கு மாதத்தில் முடிகிறது. அது முடிந்ததும் மாதம் 3,250 குறையும். ஆட்டோ கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி மனு கொடுத்து 4,300 ஆக்கினால், 11,400. மிச்சத்துக்கும் தவணைக்கும் இடையே நானூறு ரூபாய்தான். நடுவில் இருக்கும் அந்த நான்கு மாதம்தான் கஷ்டம். அதற்கு மாமனார் வீட்டில் கேட்பதா, சீட்டைத் தள்ளி எடுப்பதா என்ற பேச்சு நடக்கும். நான் சீட்டைத் தொட வேண்டாம் என்பேன். வங்கி நகைக் கடனுக்கு அசலையும் ஒரு நாள் கட்டியாக வேண்டுமே, சீட்டு முடிந்து வரும் பணம் அதற்குத்தான். சீட்டு பதிவு செய்த சீட்டா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பதிவில்லாத சீட்டை நம்பி நகையைத் திருப்பத் திட்டம் போடக் கூடாது.

இங்கே எதுவும் தள்ளுபடி ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். மொத்தக் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. விலை உயர்ந்த கடன்கள் மலிவான கடனாக மாறின, காலம் நீண்டது. தவணைக் காலத்தை நீட்டினால் மொத்தத்தில் கட்டும் வட்டி கூடும் என்பதும் உண்மை. ஆலோசனையால் கிடைப்பது மூச்சு விடும் இடம். நகையை வங்கியில் வைத்த கையோடு வேறு தண்டல் எடுத்தால் முதல் நிலைமையைவிட மோசம், ஏனென்றால் இப்போது வீட்டில் நகையும் இல்லை.

நகைக் கடனை ஆலோசகர் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, ஒரே ஒரு காரணத்துக்குத்தான் எடுக்க வேண்டும்: அதைவிட வட்டி அதிகமான ஒரு கடனை முழுதாக ஒழிப்பதற்கு. இந்த மாதத் தவணையைக் கட்டுவதற்காக நகையை வைப்பது அடுத்த மாதத்தை இன்றைக்கே விற்பது.

எப்போது போக வேண்டும்

தவணை தவறுவதற்கு முன்னால். அல்லது தவறிய உடனே. வங்கியில் ஒரு கணக்கு 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன். அதற்கு முந்தைய முப்பது, அறுபது, தொண்ணூறு நாட்களைப் படிப்படியாகப் பிரித்து வங்கி உள்ளுக்குள் குறித்துக்கொண்டே வரும். முதல் முப்பது நாளில் வருகிற வாடிக்கையாளரிடம் மேலாளருக்கு மனமும் இருக்கும், கையில் அதிகாரமும் இருக்கும். தொண்ணூறு தாண்டினால் கோப்பு அவர் மேசையிலிருந்து வசூல் பிரிவுக்குப் போய்விடும். வீட்டை அடமானம் வைத்த கடனாக இருந்தால் அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம், நோட்டீஸைப் பார்த்துப் பயந்து நிலத்தை அவசரமாக விற்க வேண்டாம்.

பயிர்க் கடன் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒன்று. மூன்று லட்சம் வரையிலான பயிர்க் கடனுக்கு 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் ஊக்கத்தொகையாகக் குறைந்து 4 ஆகிறது. இதைவிட மலிவான கடன் கிடைப்பது அரிது. அதைக் கெடு தாண்டவிட்டுவிட்டு மண்டியில் வாங்கிய முன்பணத்தை முதலில் அடைப்பவர்கள் உண்டு, மண்டிக்காரரைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று. தினமும் பார்க்கிறவருக்கு முதலில் என்பது கடன் அடைக்கும் வரிசை ஆகாது.

யாரிடம் போவது, யாரிடம் போகக் கூடாது

உங்கள் வங்கிக் கிளையில் நிதிசார் கல்வி மையம் எங்கே என்று கேளுங்கள். கிளையில் தெரியாது என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே தெரிந்தே ஆக வேண்டும். உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் என்னைப் போல ஓய்வுபெற்ற வங்கி ஆளாக இருப்பார். அதில் ஒரு கோணல் உண்டு: எங்களுக்கு வங்கிப் பக்கத்திலிருந்து யோசித்துப் பழகிவிட்டது. வட்டிக்கடைக்காரரும் தண்டல்காரரும் எங்களுக்கு வில்லன்கள், வங்கி நல்லவர். நீங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. "இப்படிச் செய்தால் மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்பேன், செய்யாவிட்டால் எவ்வளவு?" என்று கேளுங்கள். எழுதிக் காட்டத் தயங்குகிறவரிடம் எழுந்து வந்துவிடலாம். காப்பீடு, புதுக் கடன், முதலீடு என்று எதையாவது விற்க ஆரம்பித்தாலும் அப்படியே. இந்த மையங்கள் பொருள் விற்கும் இடம் அல்ல.

யூடியூபில் அமெரிக்க நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் பிள்ளைகள். அங்கே ஆலோசனை அமைப்பிடம் மாதம் ஒரே தொகையாகக் கட்டினால், அது பிரித்துக் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் அனுப்பும், கார்டு வட்டியையும் பேசிக் குறைக்கும். நம் ஊர் மையங்கள் உங்கள் பணத்தைக் கையால் தொடுவதில்லை. இங்கே யாராவது "எங்களிடம் கட்டுங்கள், நாங்கள் வங்கிக்குக் கட்டுகிறோம்" என்றால் அது வேறு வியாபாரம்.

அந்த வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "பாதி கட்டினால் போதும், மீதி தள்ளுபடி" என்று போனில் விளம்பரம் வரும். கூப்பிட்டால் இனிமையாகப் பேசுவார்கள். வங்கித் தவணையை நிறுத்தச் சொல்வார்கள். எங்களுக்கு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். உங்கள் கணக்கு வாராக் கடனாக மாறுவதுதான் அவர்கள் திட்டத்தின் முதல் படி. பிறகு ஓ.டி.எஸ். பேசுவார்கள். ஓ.டி.எஸ். என்பது ஒரே தவணையில் குறைந்த தொகை கட்டித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அதை நீங்களே கிளைக்குப் போய்க் காசில்லாமல் கேட்கலாம். வங்கி அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்படித் தீர்த்த கணக்கு, நீங்கள் வாங்கிய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் முழுதாக அடைத்த கணக்காக வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த முறை வீட்டுக் கடனுக்குப் போகும்போது எந்த அதிகாரியும் முதலில் விரல் வைக்கும் இடம் அது.

சிபில் அறிக்கையை எடுத்துக்கொண்டு போனால் ஆலோசகருக்கு வேலை பாதி குறையும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். குழுக் கடன்களும் அதில் வரும். மாமியார் பெயரில் எடுத்ததை மறந்திருந்தால் மாமியாருடையதையும் எடுங்கள். தவிர, கடன் புத்தகங்கள், கார்டு ஸ்டேட்மெண்ட், அடகுச் சீட்டுகள், வந்த நோட்டீஸ்கள், நீங்கள் எழுதிய அந்தத் தாள்.

ஆலோசகரால் ஆகாதவை

வட்டிக்காரர் வீட்டு வாசலில் ஆள் நிறுத்துகிறார், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார் என்றால் கணக்குப் பேச வேண்டிய நேரம் அது அல்ல. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது. மாநகருக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம், இரண்டிலும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டம். நிதி நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-லும் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. வங்கியின் வசூல் முகவர் காலை எட்டுக்கு முன்னாலும் மாலை ஏழுக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அமைப்பு, தொலைபேசி 14448. போன் செயலியில் கடன் வாங்கி, படத்தை மாற்றி அனுப்பி மிரட்டுகிறார்கள் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. அவர்களுக்கு மேலும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால், நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது குற்ற வழக்கு. அப்போது தேவை வழக்கறிஞர். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100.

மிச்சமே இல்லாத வீடு என்று சொன்னேன் அல்லவா, அவர்களுக்கும் முதல் கதவு இதுவே. மக்கள் நீதிமன்றத்தில் வங்கிக் கடன்களைச் சமரசமாக முடிக்கிறார்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை; அங்கே முடிந்தால் மேல்முறையீடும் இல்லை, ஆகவே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். வராத வருமானத்தை நம்பி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தீர்ப்பை வைத்தே வங்கி வசூலுக்கு வரலாம். விற்கக்கூடிய இடமோ வண்டியோ இருந்தால், ஏலத்துக்குப் போகும்முன் நீங்களே விற்றால் விலை கூடக் கிடைக்கும். எல்லாம் போய்விட்டது என்றால் ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுப்பது ஒரு வழி. மஞ்சள் நோட்டீஸ் என்று ஊரில் ஏளனமாகச் சொல்கிறார்கள். 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் கொடுக்கும் நிவாரணம் அது. அடமானம் வைத்த சொத்தின் மேல் வங்கிக்கு இருக்கும் உரிமை அதனால் போகாது. இதைச் செய்யுமுன் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள், மண்டபத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் அல்ல.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி முதலில் வாங்கியவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. மச்சினன் தவணை கட்டுகிறானா என்று அவனிடம் கேட்டால் கட்டுகிறேன் என்றுதான் சொல்வான். ஆதாரை எடுத்துக்கொண்டு நீங்களே கிளைக்குப் போய்ப் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் ஜாமீன்தாரர், உங்களுக்குச் சொல்ல வேண்டும். தவணை நின்றிருந்தால், ஆலோசகரிடம் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது தாளோடு போங்கள், அந்தக் கடனை உங்கள் கடன் என்றே எழுதி.